பாணர் வீட்டுச் சுவரும் பாபாசாகேப் கதையும்

சாவுக்குப் பறை அடிக்க மாட்டோம் என்று எங்கள் சேரியில் கூட்டம் போட்டு முடிவெடுத்தபோது நான் பள்ளிக்கூடத்துப் பையன். பெரியப்பா தன் பறையைப் பரணில் தூக்கிப் போட்டார். பிறகு அதை அவர் தொட்டதே இல்லை. பல வருஷம் கழித்து, தமிழ் எம்.ஏ. முடித்து, 'பறை விடுதலையின் இசை' என்று ஒரு கூட்டத்தில் பேசிவிட்டு வீட்டுக்கு வந்தேன். பெரியப்பா கேட்டார்: "இசைதான்டா, இல்லேங்கல. ஆனா யாருக்காக அடிச்சோம், அடிச்சிட்டு எதைக் கையேந்தி வாங்குனோம்? அதையும் பேசுனியா?"

பேசவில்லை. அந்தக் கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தபோதுதான் துர்காபாய் வ்யாம், சுபாஷ் வ்யாம் என்கிற பழங்குடி ஓவியத் தம்பதியின் வரலாற்றுக்குள் போனேன்.

மத்தியப் பிரதேசத்தின் கிழக்கு ஓரம். நர்மதை பிறக்கிற அமர்கண்டக்கை ஒட்டி மைக்கல் மலைத்தொடர். இன்று திண்டோரி மாவட்டம். அந்த மலையில் கோண்ட் மக்களின் பாணர்களாக இருந்தவர்கள் பர்தான்கள். மூன்று நரம்பு கட்டிய 'பானா' என்ற வில்லிசைக் கருவிதான் அவர்களுடைய சொத்து. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புரவலர் வீட்டுக்குப் போவார்கள். பானாவை இழைத்துப் பெருந்தெய்வமான படாதேவை அழைப்பார்கள், குலவரலாறு பாடுவார்கள். தானியம், துணி, மாடு என்று கிடைத்ததை வாங்கி வருவார்கள்.

இதற்கு அவர்களிடம் ஒரு கதை உண்டு. ஏழு அண்ணன் தம்பிகள். கோபித்துக்கொண்ட படாதேவ் சாஜ மரத்துக்குள் போய் மறைந்துகொண்டது. கடைசித் தம்பி பானா செய்து வாசித்து தெய்வத்தைச் சமாதானப்படுத்தினான். அவன் வம்சமே பர்தான்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நடைமுறை என்ன? கோண்டுகள் கொடுக்கும் சோற்றைப் பர்தான் தின்னலாம், பர்தான் வீட்டுச் சோற்றைக் கோண்டு தொடுவதில்லை என்றே பழைய இனவரைவியல் நூல்கள் எழுதி வைத்திருக்கின்றன. செத்தவரின் துணிமணியும் பர்தானுக்குத்தான். தெய்வத்தையே அழைத்துக் கொண்டுவந்தவன் எச்சில் பந்தியில்! சங்கப் பாடல்களில் யாழோடு வேந்தன் பக்கத்தில் உட்கார்ந்த பாணன் பிற்காலத்தில் தீண்டாச் சாதியானதைப் படித்த நமக்கு இது புதுசா என்ன?

புரவலர்கள் நொடித்துப்போனார்கள். கோண்டுகளிடமிருந்து காடும் நிலமும் கைமாறியபோது பாட்டுக்குக் கூலி கொடுக்க ஆள் இல்லை. பர்தான்கள் கூலி வேலைக்குப் போனார்கள். ஷாம்ராவ் ஹிவாலே 1946இல் இவர்களைப் பற்றி நூல் எழுதியபோதே இந்தச் சரிவு தொடங்கியிருந்தது.

ஆண்களின் பாட்டு இப்படி ஒடுங்கிக்கொண்டிருந்தபோது, பெண்களின் கை நிற்கவில்லை. சாணி மெழுகிய தரையிலும் மண்சுவரிலும் வெள்ளை மண், செம்மண், மஞ்சள் மண், கரிமண் கொண்டு 'டிக்னா' போட்டார்கள். இதை யாரும் கலை என்று சொல்லவில்லை. வீட்டு வேலை என்றார்கள்.

1981இல் போபாலின் பாரத் பவனுக்காகக் கிராமம் கிராமமாகப் போன குழு, பாட்டன்கட் ஊரில் ஒரு சுவரோவியத்தைக் கண்டது. வரைந்தவர் ஜன்கட் சிங் ஷ்யாம், எருமை மேய்த்த இளைஞர். அந்தக் குழுவை அனுப்பிய ஜே. சுவாமிநாதன் சிம்லாவில் பிறந்த தமிழ்க் குடும்பத்து ஓவியர். ஜன்கட் போபால் வந்தார். 1989இல் பாரிசில் அவர் ஓவியம் தொங்கியது. மனைவி நன்குசியாவும் வரைந்தார். அவர்கள் வீட்டுக்கு வந்து தங்கிய உறவுக்காரர்கள் பலர் ஓவியர் ஆனார்கள். அந்தப் பாணிக்கே 'ஜன்கட் கலம்' என்று பெயர் வந்தது. 2001 ஜூலை 3 அன்று, ஜப்பானில் நிகாட்டா பகுதி அருங்காட்சியகம் ஒன்றுக்காக வரைந்துகொண்டிருந்த இடத்தில் ஜன்கட் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். ஊர் திரும்ப வேண்டும் என்று வீட்டுக்குக் கடிதம் எழுதியிருந்ததாக அப்போது செய்திகள் வந்தன. பானாவுக்குப் புரவலன் மாறினான், அவ்வளவுதானா? இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது.

நன்குசியாவின் தம்பி குடும்பம்தான் துர்காபாயும் சுபாஷும். துர்காபாய் பர்பாஸ்பூரில் பிறந்தவர். பள்ளிக்கூடம் போனதில்லை. ஆறு வயதிலேயே டிக்னா போடக் கற்றுக்கொண்டவர். சுபாஷ் மண்ணிலும் மரத்திலும் உருவம் செய்பவர். போபாலுக்கு வந்த பிறகும் அந்த மலையின் மரமும் மானும் மீனும்தான் அவர்கள் கோட்டில் வந்தன.

இந்த இருவரும் 2011இல் நவயானா வெளியிட்ட 'பீமாயணம்' நூலுக்கு வரைந்தார்கள். கதையை எழுதியவர்கள் ஸ்ரீவித்யா நடராஜனும் எஸ். ஆனந்தும். அம்பேத்கர் தன் வாழ்வில் பட்ட தீண்டாமையை அவரே எழுதி வைத்ததன் சித்திர வடிவம். பள்ளியில் பியூன் ஊற்றினால்தான் தண்ணீர். 1901இல் கோரேகானுக்குப் போன சிறுவர்களுக்கு வழி நெடுகத் தண்ணீர் இல்லை. படித்துவிட்டு வேலைக்குப் போன பரோடாவில் 1917இல் தங்க இடம் இல்லை. 1927 மார்ச் 20, மகத் சவ்தார் குளம்.

சித்திரக்கதை என்றால் பக்கம் முழுக்கக் கட்டம் கட்டமாக இருக்கும். இவர்கள் கட்டம் போட மறுத்துவிட்டார்கள். ஆட்களைப் பெட்டிக்குள் அடைக்கக் கூடாதாம். கட்டத்துக்குப் பதில் வளைந்து ஓடும் டிக்னா கோடு. சாதி என்பதே ஆளைக் கட்டத்துக்குள் அடைப்பதுதானே! அம்பேத்கர் கதையை அப்படிக் கட்டமில்லாமல் வரைந்தது எவ்வளவு பெரிய அரசியல்! மென்மையாகப் பேசுகிறவர்களின் சொல் பறவை வடிவில் வருகிறது. சாதி வெறியோடு பேசுகிறவனின் சொல்லுக்குத் தேள்கொடுக்கு. மனசுக்குள் நினைப்பதற்கு ஒரு கண். ரயில் பாம்பாக நெளிகிறது. தாகத்தில் தவிக்கும் பையன் மீனாகிறான்.

இதை 'வெகுளியான பழங்குடிக் கலை' என்று மெச்சுகிறவர்கள் உண்டு. அது வெகுளித்தனம் அல்ல, சிந்தனை. பர்தானின் தொழில் குலவரலாறு பாடுவது. புரவலன் குலத்தைப் பாடிய வம்சம் இங்கே புரவலனே இல்லாத மக்களின் வரலாற்றைப் பாடியிருக்கிறது. அந்தப் பாட்டைக் கோட்டில் கொண்டுவந்த கையில், பெண்கள் தரையில் போட்ட டிக்னா இருந்தது. துர்காபாய்க்கு 2022இல் பத்மஸ்ரீ கிடைத்தது. எனக்கு அதைவிடப் பெரிசாகத் தெரிவது, நூலில் ஓவியர் என்று இருவர் பெயரும் சேர்ந்து நிற்பது. நம் சேரியில் சுவரில் கோலமிட்ட எந்த அம்மாவின் பெயரை நாம் எழுதி வைத்திருக்கிறோம்?

நூலைப் பெரியப்பாவிடம் காட்டினேன். அது ஆங்கில எழுத்து, அவர் படம் மட்டும் பார்த்தார். தேள்கொடுக்குச் சொற்கள் இருந்த பக்கத்தில் விரலை வைத்து, "இவன் என்ன பேசுறான்னு நீ படிச்சுச் சொல்ல வேணாம், எனக்குத் தெரியும்" என்றார்.

அவர் முடிவு சரி. இழிவோடு கட்டப்பட்ட பறையை இறக்கி வைக்க அவருக்கு உரிமை உண்டு. அதை நாம் மறுபடி எடுக்கிறோம் என்றால் யாருக்காக, யார் கதைக்காக, யார் பெயரில் என்று சொல்லிவிட்டு எடுக்க வேண்டும். மலையிலிருந்து வந்த அந்த இருவரும் அதைச் சொல்லிவிட்டுத்தான் தூரிகையை எடுத்தார்கள். பறை இன்னும் பரணில்தான் இருக்கிறது.