விடாப்பிடியாக

'விடாப்பிடியாக' என்ற சொல்லை இன்று குறை சொல்லத்தான் அதிகம் எடுக்கிறோம். பாகப்பிரிவினையில் ஓரடி நிலம் விட்டுக்கொடுக்காத பங்காளி விடாப்பிடியாக நிற்கிறான் என்கிறோம். சொல்லைப் பிரித்தால் வசை ஏதும் இல்லை. விடாத பிடி, அவ்வளவுதான். வாடாமலர், பொய்யாமொழி போல ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சத் தொடர். 'ஆக' சேர்ந்ததும் வினையடை.

உயிர் முழுவதும் 'பிடி'யில் இருக்கிறது. தமிழனுக்கு விரும்புவதே பிடிப்பதுதான்: 'எனக்குப் பிடிக்கும்' என்கிறோம். கொள்கையில் ஈடுபாடு பிடிப்பு; நெறி வழுவாமல் நடப்பது கடைப்பிடித்தல். 'பற்று'ம் கையில் தொடங்கி மனத்துக்கு ஏறிய சொல்தான்.

திருவையாற்றுப் பக்கம் இந்தப் பிடியை வயலிலேயே பார்க்கலாம். பறித்து நட்ட நாற்று சில நாள் வெளுத்துத் துவண்டு நிற்கும். புது வேர் விட்டு நிமிர்ந்ததும் 'பச்சை பிடிச்சிருச்சு' என்பார்கள். அதற்குமேல் இழுத்தால் சேறும் சேர்ந்தே வரும். சங்கீதக்காரர்களுக்கும் ஒரு பிடி உண்டு: ராகத்தை இன்னதென்று சட்டெனக் காட்டிவிடும் சுரக்கோவை.

பிடிவாதத்தையும் விடாப்பிடியையும் ஒன்றாக்குவது எனக்கு உடன்பாடில்லை. பிடிவாதத்தில் ஒட்டியிருக்கும் 'வாதம்' வடசொல். தன் பேச்சே நிற்க வேண்டும் என்ற முனைப்பு அதில் உண்டு. விடாப்பிடிக்கோ பற்றிக்கொள்ளத் தனக்கு வெளியே ஒன்று வேண்டும். பங்காளியிடம் இருப்பது பிடிவாதம். பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாளிடம் இருந்ததுதான் விடாப்பிடி.

1847இல் மறைந்த இசைமேதை தியாகராஜரின் சமாதி திருவையாற்றுக் காவிரிக்கரையில் சிதைந்து கிடப்பதை 1921இல் அறிந்தார் அவர். நிலம் வாங்கினார், தாம் பாடிச் சேர்த்த பொருளைக் கொட்டிக் கோயில் எழுப்பினார். ஆனால் அங்கே ஆண்டுதோறும் தியாகராஜருக்கு இசை ஆராதனை நடத்திய ஆண்கள் பெண்களைப் பாட விடவில்லை. கட்டியவருக்கே பாட இடமில்லை! அவர் கோபித்துக்கொண்டு ஊர் திரும்பிவிடவில்லை. பெண்கள் பாடும் ஆராதனையை அங்கேயே தனியாகத் தொடங்கினார். 1940களின் தொடக்கத்தில், தனித்தனியே ஆராதனை நடத்திய தரப்புகள் ஒன்றுகூடின. பெண்களும் ஒரே ஆராதனையில் பாடினார்கள். தேவதாசி மரபில் வந்தவர் அவர். அந்தக் குலப் பெண்களுக்கும் அங்கே பாடும் உரிமை இருக்க வேண்டும் என்று உயிலிலேயே எழுதினார். 1952இல் அவர் மறைந்தபின் அவருக்கும் தியாகராஜர் சமாதிக்கு எதிரிலேயே சமாதி எழுப்பினார்கள்.