பரம்பரையின் விலை

நொய்கெல்னில் ஏழாம் இலக்கச் சுரங்க ரயிலில் ஏறி, ஃபேர்பெலினர் பிளாட்ஸில் மூன்றாம் இலக்கத்துக்கு மாறினால் டாலம் வந்துவிடும். அங்கே ஈனெஸ்ட்ராசை என்றொரு வீதி. அதன் 22ஆம் இலக்கக் கட்டடத்தில் இன்று பல்கலைக்கழக மாணவர்கள் அரசியல் படிக்கிறார்கள். 1927இலிருந்து அது மானுடவியலுக்கும் மனிதப் பரம்பரையியலுக்குமான கைசர் வில்ஹெல்ம் நிறுவனமாக இருந்தது. அவுஷ்விட்ஸிலிருந்து மெங்கலே மனித உடற்பாகங்களை அனுப்பிவைத்தது இந்த நிறுவனத்துக்குத்தான்.

மருத்துவத்தில் மரபணு வாசிப்புக்கு ஆகும் செலவைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அமெரிக்காவில், 1990இல் தொடங்குவார்கள். பேர்லினில் வசிக்கும் எனக்கு அது பிந்திய தொடக்கம். பரம்பரை நோய்க்கு விலைச்சீட்டு ஒட்டும் பழக்கம் இங்கே அதற்கு அரை நூற்றாண்டு முன்பே இருந்தது. 1933ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஏறத்தாழ 4 லட்சம் பேருக்குக் கட்டாயக் கருத்தடை செய்யப்பட்டது. பரம்பரை நோயாளி ஒருவரால் நாட்டுக்கு ஏற்படும் ஆயுட்காலச் செலவு 60,000 றைக்ஸ்மார்க் என்றது நாசிகளின் சுவரொட்டி. பிறகு கொலைத்திட்டம் வந்தது. 1941 வரை அதில் கொல்லப்பட்ட 70,273 பேரால் பத்தாண்டில் மிச்சமாகும் தொகை 88 கோடி றைக்ஸ்மார்க்குக்கு மேல் என்று ஓர் அலுவலர் கூட்டிவைத்தார். உருளைக்கிழங்குக்கு ஒரு கணக்கு, பாணுக்கு ஒன்று, ஜாமுக்கு ஒன்று. அட்டவணை செய்வதே என் தொழிலிலும் பாதி. அந்த ஒழுங்கு என்னை உறுத்துகிறது.

அதே வீதியில் கொஞ்சம் தள்ளி மக்ஸ் பிளாங்க் மூலக்கூற்று மரபியல் நிறுவனம் இருக்கிறது. 2000 மே மாதத்தில் மனிதரின் 21ஆம் நிறமூர்த்தத்தை வாசித்து வெளியிட்ட யேர்மனிய, யப்பானியக் குழுக்களில் அதுவும் ஒன்று. அந்த நிறமூர்த்தம் ஒன்று கூடுதலாக இருந்தால் வருவது டவுன் நோய்க்குறி. 1939இல் மருத்துவிச்சிகள் அரசுக்கு அறிவிக்கவேண்டியிருந்த குழந்தைகளின் பட்டியலில் அதுவும் இருந்தது.

2001இல் ஒருவரின் முழு மரபணுத்தொகுதியை வாசிக்க 10 கோடி டொலர் அளவில் செலவானது. இன்று ஆயிரத்துக்கும் கீழே. சென்னையில் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்த சங்கர் பாலசுப்பிரமணியனுக்கு இதில் பெரும்பங்கு உண்டு. கேம்பிரிட்ஜில் அவரும் டேவிட் கிளெனர்மனும் 1998இல் தொடங்கிய சொலெக்சாவை, 2007இல் இலூமினா சுமார் 60 கோடி டொலருக்கு வாங்கியது. கோடிக்கணக்கான துண்டுகளை ஒரு கண்ணாடித்தகட்டில் ஒட்டி, எழுத்து எழுத்தாக ஒளிரவைத்து, எல்லாவற்றையும் ஒரேநேரத்தில் படமெடுப்பது அவர்களுடைய முறை.

ஆனால் மலிந்தது எழுத்துக்கூட்டுவது மட்டும். பொருள் சொல்வது இன்னும் மனித உழைப்பு. மாதிரித்தொகுதியோடு ஒப்பிட்டால் ஒருவரிடம் 40 முதல் 50 லட்சம் இடங்கள் வேறுபடும். அவற்றில் எது நோய், எது வெறும் சாயல் என்று அறிய மற்றவர்களின் தொகுதிகள் வேண்டும். நோயோடு மரபணுவைத் தொடர்புபடுத்தும் ஆய்வுகளில் பங்கெடுத்தோரில் 78 வீதமானோர் ஐரோப்பிய வம்சாவளியினர் என்றது 2019இன் ஒரு கணக்கு. ஆகவே எங்கள் ஆட்களின் அறிக்கைகளில் ‘பொருள் தெளிவில்லை’ என்ற வரி அதிகம் வருகிறது. அதற்குப் பின்னால் வைத்தியரின் மணித்தியாலங்கள், மறுசோதனைகள், மறுபடியும் காத்திருப்பு. 2009இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் தண்டபாணி, ஹைதராபாத்தின் தங்கராஜ் முதலானோர், இதயத்தசை மரபணு ஒன்றில் 25 எழுத்துகள் விடுபட்ட மாற்றம் தென்னாசியரில் நூற்றுக்கு நால்வரிடம் இருப்பதையும், அது இதயச் செயலிழப்பு அபாயத்தைக் கூட்டுவதையும் காட்டினார்கள். ஐரோப்பியரிடம் மட்டும் தேடியிருந்தால் அது அகப்பட்டிராது.

அரிய நோயென்றால் பெற்றோரின் இரத்தத்தையும் சேர்த்து வாசிப்பார்கள். மாற்றம் பிள்ளையில் புதிதாக வந்ததா என்பது அப்போதுதான் தெரியும். வன்னியில் காணாமற்போன தகப்பனின் இரத்தத்துக்கு எங்கே போவது?

2024 ஏப்ரலில் யேர்மனியில் அரிய நோய்களுக்கும் புற்றுநோய்களுக்குமாக ஒரு முன்னோடித் திட்டம் தொடங்கியது. அதில் முழு வாசிப்பின் செலவை அரச கிராங்கன்காசே ஏற்கிறது. கூடவே, தரவை ஆராய்ச்சிக்குத் தரச் சம்மதமா என்ற கேள்வியும் வருகிறது. 2010இலிருந்து நடைமுறையிலுள்ள சட்டம், வேலை கொடுப்பவர் மரபணுச் சோதனை முடிவுகளைக் கேட்பதைத் தடுக்கிறது. ஆயுட்காப்புறுதி 3 லட்சம் யூரோவைத் தாண்டினால், ஏற்கெனவே உள்ள முடிவுகளைக் காப்புறுதிக்காரர் கேட்கலாம். இந்த ஓட்டையை எனக்குப் பிடிக்கவில்லை.

பிரிட்ஸ் மயூரபதி முருகன் கோயிலில் கூடும் தலைமுறை, 1983 யூலையில் கும்பல்கள் வாக்காளர் பட்டியலோடு வாசலுக்கு வந்ததை அறிந்த தலைமுறை. பட்டியல் என்றால் அவர்கள் தயங்குவதை நான் அறியாமை என்று சொல்லமாட்டேன். ஆனாலும் கையெழுத்திடவேண்டும் என்றே சொல்வேன். 2015இல் முடிவுகளை வெளியிட்ட ‘ஆயிரம் மரபணுத்தொகுதிகள்’ திட்டத்தின் 2,504 பேரில், பிரித்தானியாவில் வாழும் இலங்கைத் தமிழர் 102 பேர். யாரும் திறந்து பார்க்கக்கூடிய கோப்புகள். பெயர் இல்லை, ஒவ்வொருவருக்கும் ஒரு குறியீட்டெண் மட்டும்.