இச்சி, நி, சான் – கிழக்கே கல்வி கற்கச் சென்றோர் வரலாறு



தமிழ்ப்பள்ளி ஆசிரியரிடம் பெற்றோர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் சில உண்டு. எந்த இடைநிலைப்பள்ளியில் சேர்க்கலாம், எஸ்.பி.எம். தேர்வில் தமிழ் எடுத்தால் பயனுண்டா என்பன அவை. ஆனால் 2016ஆம் ஆண்டின் இறுதியில், இங்கே கோலா கங்சாரில், என் முன்னாள் மாணவி ஒருத்தியின் தந்தையார் கேட்ட கேள்வி வேறு வகையைச் சேர்ந்தது.

"சார், படக்கதை படிக்கிறதுக்கும் பாட்டுக் கேக்கிறதுக்கும் யாராவது ஜப்பானுக்குப் போவாங்களா? நீங்க சொன்னா அவ கேப்பா."

அம்மாணவி எஸ்.டி.பி.எம். தேர்வை எழுதி முடித்திருந்தாள். மூன்றாம் ஆண்டில் என்னிடம் பயின்றபோதே தமிழ்ப் பயிற்றியின் ஓரங்களில் டோராமோன் பூனையை வரைந்து வைப்பாள். நானும் சிவப்பு மையால் கண்டித்திருக்கிறேன். இடைநிலைப்பள்ளிக் காலத்தில் யாருடைய உதவியுமின்றி ஜப்பானிய எழுத்துகளைக் கற்றுக்கொண்டாள். முதலில் தோக்கியோவில் மொழிப்பள்ளி, பிறகு பல்கலைக்கழகத்தில் ஜப்பானியப் படக்கதைகளைப் பற்றிய படிப்பு. இதுவே அவளுடைய திட்டம். தந்தையார் தொழிற்சாலை ஊழியர். பணம் ஒரு தடை. அதனினும் பெரிய தடை வீட்டுக்குள்ளேயே இருந்தது. அவளுடைய தாத்தாவுக்கு அப்போது 81 வயது. அவருடைய தந்தை, 'ஜப்பான்காரன் காலத்தில்' தோட்டத்திலிருந்து சயாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டவர், திரும்பி வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருவதாகக் கூறி அனுப்பினேன். இடைப்பட்ட நாள்களில் இதன் வரலாற்றைத் தேடிப் படித்தேன். ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் வரலாறு என்றாலே ஆண்டுகளை மனனம் செய்வது என எண்ணியிருந்த எனக்கு, அந்த ஒரு வாரம் நல்ல பாடமாக அமைந்தது. நான் அறிந்தவற்றையும் பின்னர் சேர்த்துக்கொண்டவற்றையும் இங்கே பகிர்கிறேன்.

இம்மண்ணிலிருந்து ஜப்பானுக்குப் படிக்கச் சென்றோரில் அவள் முதல்வள் அல்லள். போர் நடந்துகொண்டிருந்தபோதே, 1943இலும் 1944இலும், 'தென்திசைச் சிறப்பு மாணவர்' என்னும் திட்டத்தின்கீழ்த் தென்கிழக்காசிய நாடுகளிலிருந்து ஏறத்தாழ 200 இளைஞர்களை ஜப்பானிய அரசு அழைத்துச் சென்றது. தங்கள் ஆட்சிக்கு ஏற்ற தலைவர்களை உருவாக்குவதே அதன் நோக்கம். மலாயாவிலிருந்து சென்றோருள் மூவர் ஹிரோஷிமாவில் பயின்றனர். அப்துல் ரசாக் அப்துல் ஹமீத், நிக் யூசோப், சையத் ஓமார் ஆகியோரே அம்மூவர். 1945 ஆகஸ்டு 6ஆம் நாள் அணுகுண்டு விழுந்தது. நிக் யூசோப் ஹிரோஷிமாவிலேயே மறைந்தார். சையத் ஓமார் தாயகம் திரும்பும் வழியில் கியோத்தோவில் உயிர்நீத்தார். அவருடைய கல்லறை இன்றும் அந்நகரத்துப் புத்தர் கோயில் ஒன்றில் இருக்கிறது. வகுப்பறையில் இருந்த அப்துல் ரசாக் இடிபாடுகளிலிருந்து உயிர் தப்பி நாடு திரும்பினார்.

அவர் பிற்காலத்தில் என்ன செய்தார் தெரியுமா? ஆசிரியரானார். மாரா தொழில்நுட்பக் கழகத்தில் நம் நாட்டு இளைஞர்களுக்கு ஜப்பானிய மொழியைக் கற்பித்தார். குண்டு வீச்சைக் கண்ணால் கண்டவர், நண்பர்களை இழந்தவர், அந்நாட்டின் மொழியை வெறுக்காமல் வாழ்நாள் முழுதும் சொல்லிக் கொடுத்தார். 2013இல் மறைந்த அப்பெருமகனைப் பற்றி நம் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கூறும் ஆசிரியர் எத்தனை பேர்? நானும் அதுவரை கூறியதில்லை.

நம்மவர் வரலாறும் உண்டு. 1944இல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ், மலாயாவிலும் பர்மாவிலும் வாழ்ந்த இந்திய இளைஞர்களுள் 45 பேரைத் தேர்ந்தெடுத்து ஜப்பானிய இராணுவக் கழகங்களுக்கு அனுப்பினார். 'தோக்கியோ கெடேட்' என அழைக்கப்பட்ட அவ்விளைஞர்கள் சென்றது போர்ப் பயிற்சிக்கு; பாட்டுக்கோ படத்துக்கோ அன்று. ஆயினும் அவர்களும் முதலில் உட்கார்ந்து மொழியைத்தான் கற்க வேண்டியிருந்தது.

அதே ஆண்டுகளில் தோட்டப்புறத் தமிழரின் நிலை என்ன என்பதை விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. 1877இல் ரப்பர் கன்றுகள் நடப்பட்ட ஊர் நம்முடையது. அம்மரத்தை நம்பி வந்தவர்களின் பேரப்பிள்ளைகளே நாம். ரப்பரை வாங்குவாரின்றித் தோட்டங்கள் முடங்கியபோது, வேலையற்றுக் கிடந்த தமிழர்களை ஆசை காட்டியும் வலுக்கட்டாயமாகவும் கொண்டுசென்று, சயாமையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் இரயில் பாதையில் இறக்கினர். 1942இல் தொடங்கிய வேலை 1943 அக்டோபரில் முடிந்தது. வாந்திபேதியிலும் மலேரியாவிலும் பசியிலும் மடிந்த நம்மவர் பல்லாயிரவர். போர்க்கைதிகளாக இருந்து இறந்த வெள்ளையருக்குக் காஞ்சனாபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் உள்ளன. நம்மவருள் பெரும்பாலோருக்குப் பெயர்ப் பட்டியல்கூட இல்லை.

இந்நிலையில், 'அந்த நாட்டுக்கா என் பேத்தி?' என ஒரு முதியவர் கேட்டால் அதில் தவறு காண முடியுமா?

இவ்விடத்தில்தான் கொரியாவின் வரலாறு எனக்கு உதவியது. 1910 முதல் 1945 வரை கொரியா ஜப்பானின் ஆட்சியில் இருந்தது. இறுதி ஆண்டுகளில் பள்ளிகளில் கொரிய மொழிக்கே இடமில்லாமல் போனது. மக்கள் ஜப்பானியப் பெயர் சூட்டிக்கொள்ள நெருக்கப்பட்டனர். ஆகவே விடுதலைக்குப் பிறகு தென் கொரியா ஜப்பானியத் திரைப்படங்களுக்கும் பாடல்களுக்கும் படக்கதைகளுக்கும் கதவடைத்தது. அரை நூற்றாண்டுக்கும் மேலாக நீடித்த அத்தடையை 1998 அக்டோபரில் அதிபர் கிம் டே ஜூங் படிப்படியாகத் தளர்த்தத் தொடங்கினார். நம் நாட்டுக் கலை அழிந்துவிடும் என அங்கே பலர் அஞ்சினர். நடந்தது வேறு. 2003இல் 'விண்டர் சோனாட்டா' எனும் கொரியத் தொடர் ஜப்பானின் என்.எச்.கே. தொலைக்காட்சியில் ஒளியேறியது. நடுத்தர வயது ஜப்பானியப் பெண்மணிகள் கூட்டங்கூட்டமாகக் கொரியாவுக்குச் சென்றனர். படப்பிடிப்பு நடந்த நாமித் தீவைப் பார்த்தனர். கொரிய மொழி வகுப்புகளில் சேர்ந்தனர். காயம் மறைந்துவிட்டது என நான் சொல்லவில்லை. இன்றும் இரு நாட்டாரிடையே வழக்குகளும் கசப்புகளும் தொடர்கின்றன. ஆனால் ஒருவரையொருவர் தெரிந்துகொண்டு சண்டையிடுகிறார்கள், அது வேறு.

தமிழர்க்கும் அந்த 1998ஆம் ஆண்டு நினைவுகூரத்தக்கது. தோக்கியோவின் ஷிபுயா பகுதித் திரையரங்கு ஒன்றில் ரஜினிகாந்தின் 'முத்து' திரையிடப்பட்டு 23 வாரங்கள் ஓடியது அவ்வாண்டில்தான். அப்படத்தைக் கண்டு தமிழின்மேல் ஆர்வம் கொண்ட ஜப்பானியர் உண்டு. ஜப்பானியர் ஒருவர் தமிழ் பேசினால் நாம் கைதட்டி மகிழ்கிறோம். 'பாட்டுக் கேட்டா தமிழ் படித்தாய்?' என ஏளனம் செய்வதில்லை. நம் பிள்ளை ஜப்பானிய மொழி பேசினால் மட்டும் ஏன் முகம் சுளிக்கிறோம்?

ஒரு முக்கியமான செய்தி. விருப்பம் வழிகாட்டும், ஆனால் கடைசிவரை கைபிடித்துச் செல்வது உழைப்பே. நொபொரு கராஷிமா எனும் ஜப்பானிய அறிஞர் 1961 முதல் 1964 வரை சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்று, சோழர் கல்வெட்டுகளைத் தாமே படிக்கும் அளவுக்குத் தேர்ந்தார். உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றத்தின் தலைவராகவும் விளங்கினார். எதிர்த்திசையில், யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த மனோன்மணி சண்முகதாஸ் அம்மையாரும் அவர் கணவர் பேராசிரியர் சண்முகதாஸும் தோக்கியோவின் கக்குசுயின் பல்கலைக்கழகத்தில் சுசுமு ஓனோவுடன் இணைந்து ஆய்வு செய்தனர். ஜப்பானின் பழம்பெரும் பாடல் தொகுதியான மன்யோஷுவிலிருந்து அம்மையார் தமிழாக்கம் செய்தார். தமிழும் ஜப்பானிய மொழியும் உறவுடையவை என ஓனோ கூறியதை மொழியியலாளர் பெரும்பாலோர் ஏற்கவில்லை. கொரிய மொழியில் 'அப்பா' இருப்பதால் அது தமிழின் தங்கை எனத் துள்ளிக் குதிக்கவும் வேண்டாம். குழந்தையின் வாயில் முதலில் வரும் ஒலிகள் பல மொழிகளிலும் இப்படித்தான் அமைகின்றன.

உறவு இல்லாவிடினும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வசதி இருக்கிறது. எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்னும் வரிசை இவ்விரு மொழிகளுக்கும் தமிழுக்கும் ஒன்றே. வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும் முறையும் அவ்வாறே. ஜப்பானிய எழுத்து வரிசை அ, இ, உ, எ, ஒ எனத் தொடங்கிக் க, ச, த, ந எனச் செல்வதைக் கண்டு நான் வியந்தேன். பௌத்தத்தோடு சென்ற இந்திய எழுத்து முறையின் தடம் அது. இன்னொன்று, இது, உது, அது, எது என்று நாம் இலக்கணத்தில் படிக்கிறோமே, அதைப் போலவே ஜப்பானியரும் கோரே, சோரே, ஆரே, தோரே என நான்காகப் பகுக்கின்றனர். 'உது' என்பதை யாழ்ப்பாணத்தார் தவிர நாமெல்லாம் தொலைத்துவிட்டோம். சுட்டெழுத்துகளை ஒழுங்காகப் படித்த பிள்ளைக்கு ஜப்பானிய மொழியின் அப்பாடம் ஐந்து நிமிட வேலை!

பெற்றோர் அறிய வேண்டிய நடைமுறையும் சிறிது உண்டு. துன் மகாதீர் 1982இல் அறிவித்த கிழக்கு நோக்கும் கொள்கையின்வழி, முப்பது ஆண்டுகளில் ஏறத்தாழ 15,000 மலேசியர் ஜப்பானில் கல்வியும் பயிற்சியும் பெற்றனர். பெரும்பாலும் பொறியியல், தொழில்நுட்பம். அவ்வாய்ப்புகள் பூமிபுத்ரா மாணவர்களையே மிகுதியாகச் சென்றடைந்தன. தோட்டப்புறப் பிள்ளைகளின் காதுக்கு அச்செய்தி எட்டவேயில்லை என்பதும் உண்மை. ஆனால் ஜப்பானிய அரசு 1954 முதல் வழங்கும் உபகாரச் சம்பளத்துக்கும் கொரிய அரசின் உபகாரச் சம்பளத்துக்கும் இனம் ஒரு தகுதியன்று. கொரிய உபகாரச் சம்பளம் பெறுவோர் வழக்கமாக முதலாண்டு முழுதும் மொழியே கற்க வேண்டும். தோப்பிக் எனும் மொழித் தேர்வில் மூன்றாம் நிலையை எட்டினால்தான் பட்டப்படிப்புக்குள் நுழைய முடியும். படக்கதையைப் பாடமாகப் படிப்பது விளையாட்டும் அன்று. கியோத்தோ செய்க்கா பல்கலைக்கழகம் 2006இல் அதற்கெனத் தனிப் புலமே தொடங்கியது.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குச் சென்றேன். நான் தயாரித்துச் சென்ற விளக்கங்களில் பாதியைக்கூடச் சொல்லவில்லை. தாத்தா பேத்தியை அழைத்தார்.

"ஜப்பான் பாஷை தெரியுமாமே. எண்ணு பார்ப்போம்."

"இச்சி, நி, சான், யோன்..."

"யோன் இல்ல. ஷி. இச்சி, நி, சான், ஷி, கோ, ரொக்கு..." எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அவர் பத்து வரை தடுமாறாமல் எண்ணினார். எட்டு வயதில், தோட்டத்துப் பள்ளியில், கன்னத்தில் அறை வாங்கிக் கற்றது. 'பக்கேரோ' என்ற வசவும் அவருக்கு நினைவிருந்தது.

"ரெண்டும் சரிதான் தாத்தா. ஷின்னா சாவுன்னும் ஓர் அர்த்தம் வரும். அதனால நிறைய இடத்துல அதை விட்டுட்டு யோன்னு சொல்வாங்க" என்றாள் அவள்.

முதியவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "எங்களுக்குச் சொல்லிக் குடுத்தவன் அதைச் சொல்லலையே" என்றார். போ என்றும் சொல்லவில்லை. போகாதே என்றும் சொல்லவில்லை. தந்தையார்தாம் மறுநாள் என்னை அழைத்து, மொழிப்பள்ளிக்கு முன்பணம் கட்டப் போவதாகக் கூறினார்.

அவள் 2017இல் சென்றாள். முதலாண்டு கடினமாக இருந்தது. உணவகத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டே படித்தாள். படக்கதைகளைத் தேடிப் போனவள் அவற்றின் வழியாகப் போரிடமே போய்ச் சேர்ந்தாள். ஆறு வயதில் ஹிரோஷிமா குண்டுவீச்சில் தப்பிய கெய்ஜி நகசாவா 1973 முதல் வரைந்த 'வெறுங்கால் கென்', போரில் ஒரு கையை இழந்த ஷிகெரு மிசுகி தாம் கண்ட படைமுகாம்களைப் பற்றி வரைந்த கதைகள் ஆகியவற்றை அவள் வாசித்து எனக்கு எழுதுவாள். ஜப்பானியரே தம் அரசையும் படையையும் இவ்வளவு கடுமையாக வரைந்திருக்கிறார்கள் என்பது எனக்குப் புதிது. 'சார், இந்தப் புத்தகங்கள்ல எங்க கொள்ளுத்தாத்தாவைத் தேடிக்கிட்டிருக்கேன்' என ஒருமுறை எழுதியிருந்தாள்.

2018இல் ஒரு படம் அனுப்பினாள். தோக்கியோவின் யாசுகுனி ஆலயத்தை ஒட்டிய யூஷுகான் அருங்காட்சியகத்தின் முகப்புக் கூடத்தில், சி56 வகை, 31ஆம் எண் நீராவி இரயில் இயந்திரம் ஒன்று நிற்கிறது. சயாம்–பர்மா பாதையில் ஓடிய இயந்திரம். 1979இல் ஜப்பானுக்குத் திருப்பிக் கொண்டுவரப்பட்டது. கரிய வண்ணம் பூசி, துடைத்து, பளபளவென்று வைத்திருக்கிறார்கள். தாத்தாவிடம் காட்டலாமா வேண்டாமா என்று என்னைக் கேட்டிருந்தாள்.

காட்டினேன். கைப்பேசித் திரை சிறிதாக இருக்கிறது, பெரிதாக்கித் தரச் சொன்னார். நகரத்துப் புகைப்படக் கடையில் அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சக்கரங்களை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். சுவரில் மாட்டவில்லை. பிறப்புப் பத்திரமும் பழைய அடையாள அட்டைகளும் இருந்த தகரப் பெட்டியைத் திறந்து அதற்குள் வைத்தார். அவருடைய தந்தையின் பெயரில் அப்பெட்டியில் வேறு தாள் எதுவும் இல்லை.