தலயாத்திரையும் வழிச்செலவும்

மூர்த்தி, தலம், தீர்த்தம் என்னும் மூன்றும் சைவ நன்மக்களால் வழிபடத்தக்கன. அவற்றை முறையாகச் சென்று வணங்குதல் தலயாத்திரை எனப்படும். யாத்திரையின் பயனை விரித்துரைக்கும் நூல்கள் பல உள. யாத்திரை செய்வார் வழியில் எதனை உண்டனர், எங்கே தங்கினர், அதற்குரிய பொருளை யாவர் அளித்தனர் என்பவற்றை ஆராய்ந்தார் சிலரே. பசித்த வயிற்றோடு பன்னெடுந் தூரம் நடத்தல் எல்லார்க்கும் இயலுவதொன்றன்று. ஆதலின் வழிச்செலவின் வரலாறும் தலயாத்திரையின் வரலாற்றுள் ஒரு கூறேயாம்.

காசியினின்று இராமேசுவரத்திற்குள்ள தூரம் ஏறக்குறைய 1,400 மைல். நாளொன்றுக்குப் பத்து மைல் நடப்பினும் ஒருவழிப் பயணத்திற்கே 140 நாள் வேண்டும். நாளொன்றுக்கு அரைப்படி அரிசி என்று குறைத்துக் கணக்கிடினும் 70 படி ஆகின்றது. உப்பு, புளி, விறகு என்பன வேறு. ஆற்றில் வெள்ளம் வடியக் காத்திருக்கும் நாட்களும், நோயுற்றுக் கிடக்கும் நாட்களும் இக்கணக்கிற் சேரா. இத்துணை அரிசியை ஒருவன் தலையிற் சுமந்து செல்லல் கூடுமோ? கூடாது. கையிற் பொருள் கொண்டு செல்வோமெனின், வழிப்பறி செய்வார் அச்சம் ஒருபுறம். நாடுதோறும் நாணயம் மாறுதலால் வரும் நட்டம் மற்றொருபுறம். எனவே, செல்வர் அல்லாதார் யாத்திரை செய்தற்கு ஒரே வழி, அவர்தம் செலவைப் பிறர் முன்னரே கணக்கிட்டு வழிதோறும் வைத்திருத்தலேயாம். இதுவே நம் நாட்டிற் பன்னூறாண்டுகளாக நடைபெற்றது.

இதன் வித்து நாயன்மார் வரலாறுகளிலேயே காணப்படுகின்றது. அப்பூதியடிகள் திங்களூரில் திருநாவுக்கரசர் திருப்பெயரால் தண்ணீர்ப்பந்தல் வைத்தார். வழிப்போவார் யாவராயினும் அங்கே நீர் பருகினர். திருப்பைஞ்ஞீலிக்குச் செல்லும் வழியில் நாவரசர் பசித்து வருந்த, இறைவனே அந்தணராய்ப் பொதிசோறு தாங்கி நின்றருளினான். திருக்கச்சூரில் நம்பியாரூரர் பொருட்டு அப்பெருமானே வீடுதோறும் சென்று சோறு இரந்து கொணர்ந்தான். யாத்திரிகனுக்குச் சோறிடுதல் எளிய பணியன்று, இறைவன் தானே மேற்கொண்ட பணியாம் என்பது இவ்வரலாறுகளால் இனிது விளங்கும்.

இங்கே ஒரு தடை எழலாம். இறைவன் அருளை நம்பிப் புறப்படும் அடியார்க்குச் செலவுக் கணக்கு எற்றுக்கு எனின், அதற்குத் திருவீழிமிழலையே விடை பகரும். மழையின்றி நாடு பஞ்சத்தால் வாடிய காலத்தில் ஞானசம்பந்தரும் நாவரசரும் அத்தலத்தில் எழுந்தருளியிருந்தனர். அடியார்க்கு அமுதளித்தற்பொருட்டு இறைவன் கிழக்குப் பீடத்தில் ஒரு காசும் மேற்குப் பீடத்தில் ஒரு காசும் நாடோறும் வைத்தருளினான். சம்பந்தர் திருமடத்தில் மட்டும் உணவு காலந் தாழ்ந்தே ஆயிற்று. காரணம் வினவியபோது, நாவரசர் பெறுங் காசைக் கடையினர் வட்டமின்றி ஏற்கின்றனர், பிள்ளையார் பெறுங் காசுக்கு வாசி கேட்கின்றனர் என்பது தெரியவந்தது. பிள்ளையார் திருப்பதிகம் பாடி வேண்ட, மறுநாள் தொட்டு வாசியற்ற நற்காசு கிடைத்தது. இறைவன் கொடுத்த காசாயினும் கடைத்தெருவில் அதற்கு மாற்றுப் பார்க்கப்பட்டதென்பதைச் சேக்கிழார் பெருமான் மறையாது கூறினார். அருள் கணக்கை விலக்கவில்லை; கணக்கிற்குள்ளேயே நின்று அடியாரைக் காத்தது என்று அறிதல் வேண்டும்.

பிற்காலச் சோழர் கல்வெட்டுக்கள் இக்கருத்தைக் கல்லில் வரைந்து வைத்தன. அறச்சாலைகளில் உணவளித்தற்கு விடப்பட்ட நிலம் சாலாபோகம் எனவும், மடத்திற்கு விடப்பட்டது மடப்புறம் எனவும் வழங்கின. சிவயோகிகளுக்கும் மாகேசுரர்க்கும் அமுது செய்விக்கப் பொன்னும் காசும் ஊர்ச்சபையாரிடம் வைக்கப்பட்டன. அவற்றின் பலிசையாக ஆண்டுதோறும் நெல் அளக்கப்பட்டது. ஒருவருக்கு அரிசி இத்தனை, நெய் இத்தனை, கறி இத்தனை, அடுவார்க்குக் கூலி இத்தனை என்று பகுத்தெழுதிய கல்வெட்டுக்களும் உள. அவை சந்திரசூரியர் உள்ளவரையும் நடைபெறல் வேண்டும் என்பது கொடுத்தார் கருத்து. வருவோன் பெயரறியார், அவன் எந்நாட்டினன் என்பதும் அறியார். ஆயினும் அவனுக்குரிய உழக்கையும் ஆழாக்கையும் அளந்து வைத்தனர்.

இவ்வறம் பெருகி நின்ற இடங்களுள் தஞ்சையினின்று இராமேசுவரத்திற்குச் செல்லும் சேதுசாலை தலையாயது. தஞ்சை மராட்டிய மன்னரும் அவர்தம் தேவிமாரும் இச்சாலையிலே சத்திரங்கள் பலவற்றை எடுப்பித்தனர். 1802இல் இரண்டாம் சரபோசி மன்னர் நிறுவிய உரத்தநாட்டு முத்தாம்பாள் சத்திரம் அவற்றுள் புகழ்பெற்றது. சேதுபதி மன்னரும் தம் சீமையில் இத்தகைய சத்திரங்களை நிறுவினர்.

1799ஆம் ஆண்டு உடன்படிக்கையால் தஞ்சை நாட்டின் ஆட்சி கும்பினியார் கைக்குச் சென்றது. அப்போது சரபோசி மன்னர்க்குண்டான கவலைகளுள் ஒன்று சத்திரங்களைப் பற்றியது. சத்திரங்களுக்குரிய ஊர்களின் வருவாய் பொதுக் கருவூலத்தோடு கலந்துவிடின், மறுநாளே அடுப்பு அவியும். ஆதலின் 1801இல் அம்மன்னர் கும்பினியின் பிரதிநிதியாயிருந்த பெஞ்சமின் டாரின் என்பார்க்குக் கடிதம் எழுதினார். சத்திரங்களில் நடைபெறுவன எவை என்பது அக்கடிதத்தில் விரிவாகக் கூறப்பட்டுள்ளது. எல்லாச் சாதியினரும், யோகியர், சங்கமர், பைராகியர் முதலிய துறவியரும் அங்கே உணவு பெற்றனர். சமைத்த சோறு கொள்ளாதார்க்கு அரிசியும் பிற பொருள்களும் அளக்கப்பட்டன. நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் உண்ணாதார் உளராயின் வருக என்று கூவி அழைத்தனர். நோயுற்றார்க்கு மருத்துவர் மருந்தளித்தனர். கருவுற்ற மகளிர்க்கும் குழந்தைகட்கும் வேண்டுவன கொடுக்கப்பட்டன. வழியில் இறந்தார்க்கு ஈமக்கடன் செய்யப்பட்டது.

யாத்திரிகன் ஒருவன் புறப்படும்போது கணக்கிட முடியாத செலவுகள் யாவை? நோய், பேறு, சாவு என்பனவே. அம்மூன்றையும் சத்திரத்தின் ஏடு ஏற்றுக்கொண்டது. நள்ளிரவு மணி சோற்றுக்கு மாத்திரம் அடிக்கப்பட்ட மணியன்று. கையிற் பொருளில்லாதானும் இச்சாலையில் இறங்கலாம் என்னும் உறுதிமொழியே அம்மணியோசையாக ஒலித்தது என்னலாம்.

பொருளுடையார் சென்ற யாத்திரையும் ஒன்று காணத்தக்கது. சென்னை உயர்ந்த நீதிமன்றத்தில் துவிபாஷியாயிருந்த ஏனுகுல வீராசாமி என்பார் 1830ஆம் ஆண்டு மே மாதம் 18ஆம் நாள் பரிவாரத்தோடு காசிக்குப் புறப்பட்டு, 1831 செப்டம்பரில் மீண்டார். அவர் தெலுங்கில் எழுதிய காசியாத்திரைச் சரித்திரம் 1838இல் அச்சாயிற்று. எந்த ஊரில் தங்குமிடம் உண்டு, எங்கே அரிசி பருப்பு கிடைக்கும், எங்கே நாணயம் மாறும் என்பவற்றை நாடோறும் குறித்து வந்தார். பின் செல்வார்க்குப் பயன்படுமென்னும் கருத்தும் அக்குறிப்புக்களில் விளங்குகின்றது. திருவீழிமிழலையில் ஒரு காசுக்கு நேர்ந்த வாசி, பல நாடுகளைக் கடந்த இவருக்கும் நாணய மாற்றிலே நேர்ந்தது. பல்லக்கும் கூடாரமும் உடையார்க்கே இத்துணைக் கவலையெனின், ஒற்றை மூட்டையோடு நடந்தார் நிலையை உரைக்கவும் வேண்டுமோ?

காசியிலே தமிழ் அடியார்க்கு இடம் வேண்டுமென்பதைப் பதினேழாம் நூற்றாண்டிலேயே குமரகுருபர அடிகள் உணர்ந்து ஆங்கே திருமடம் நிறுவினார். அம்மடத்தின் மரபே பின்னர்த் திருப்பனந்தாளிலும் வேரூன்றிற்று. 1863இல் நாட்டுக்கோட்டை நகரத்தார் காசியிலே சத்திரம் அமைத்தனர். தம் வாணிகத்தில் வரவுசெலவு பிழையாது எழுதும் அம்மரபினர், அறத்தையும் அவ்வாறே கணக்கிட்டு நடத்தினமையால் அது நிலைபெற்றது.

தஞ்சை அரசமரபு 1855இல் முடிவுற்றபின் சத்திரங்கள் அரசாங்க மேற்பார்வைக்கு உட்பட்டன. 1914இல் பாம்பன் கடற்பாலம் திறக்கப்பட்டு இராமேசுவரம் வரை இருப்புப்பாதை சென்றது. பதினைந்து நாள் நடந்த வழி ஓரிரவுப் பயணமாயிற்று. நடப்பார் குறைந்தமையால் சேதுசாலைச் சத்திரங்களின் அடுப்புக்கள் ஒவ்வொன்றாய் ஓய்ந்தன. புகைவண்டியை இகழ்தல் நம் கருத்தன்று. முதியோரும் பிணியாளரும் அதனாலன்றோ சேதுவைக் கண்டனர். ஆயினும் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. முன்னர் வறியோனுக்கு வேண்டியது கால்வலி ஒன்றே. பின்னர் வண்டிச்சீட்டின் விலையும் தங்குமிடத்தின் விலையும் அவன் மடியிலேயே இருத்தல் வேண்டிற்று. ஊர்ப்பொதுவின் ஏட்டில் நின்ற கணக்கு மீண்டும் தனியொருவன் தலைமேல் ஏறிற்று.

நடைவழி முற்றும் அழிந்ததன்று. தைப்பூசத்திற்குப் பழனிக்கு நடப்பார்க்கு இன்றும் வழிநெடுகச் சோறும் நீரும் அளிப்பார் உளர். இது போற்றத்தக்கது. எனினும் ஒருநாள் உற்சாகத்தால் இடும் சோறு வேறு. நிலம் விட்டு, நெல் அளந்து, கணக்கெழுதி, அறியாத ஒருவன் அடுத்த நூற்றாண்டில் வரினும் உண்ணுமாறு வைத்த சோறு வேறு. முன்னையது விழாவோடு முடியும். பின்னையது, கொடுத்தவன் மறைந்த பின்னும் பசித்தவனைக் கூவி அழைக்கும்.

ஆதலின், யாத்திரை செய்யக் கருதுவார் தம் செலவைக் கணக்கிடும்போது, தம்மோடு நடக்கும் பொருளில்லாதான் ஒருவன் செலவையும் உடன் எழுதிக்கொள்வாராக. சத்திர நிலங்களின் வருவாயைக் காக்கும் பொறுப்புடையார், அந்நிலத்தின் நெல் எவர் வயிற்றிற்கென்று விடப்பட்டதோ அவரை மறவாதிருப்பாராக. அங்ஙனம் இரு திறத்தாரும் கணக்கிற் பிழையாராயின், சேதுவிற்கும் காசிக்கும் செல்லும் வழி செல்வர்க்கு மாத்திரமே உரியதாகாது.