மிடி இணைப்பு

மிடி என்பது மின்னணு இசைக்கருவிகளும் கணினிகளும் வாசிப்புக் கட்டளைகளைப் பரிமாறிக்கொள்வதற்கான பொதுத் தரம். இதன் வடத்தில் ஒலி போவதில்லை. எந்தக் கட்டை அழுத்தப்பட்டது, எவ்வளவு வேகமாக, எப்போது விடப்பட்டது என்ற விவரங்கள் எண்களாகப் போகின்றன. ஒலியை எழுப்புவது மறுமுனையிலுள்ள கருவி. ஸ்பீக்கருக்கு வழக்கமான ஆடியோ வடம் தனியாக வேண்டும்.

1980களின் தொடக்கம் வரை ஒரு நிறுவனத்தின் சிந்தசைசர் இன்னொன்றின் கருவியோடு ஒத்துப்போவது அரிது. சுருதியை மின்னழுத்தத்தால் குறித்தார்கள். அந்த அளவுமுறையிலேயே நிறுவனங்கள் ஒன்றுபடவில்லை. அமெரிக்காவின் சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸைச் சேர்ந்த டேவ் ஸ்மித்தும் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனர் இகுதாரோ ககேஹாஷியும் பொதுத் தரத்துக்கு முன்கை எடுத்தனர். 1983 ஜனவரியில் 'நாம்' (NAMM) என்ற இசைக்கருவி வணிகக் கண்காட்சியில் சீக்வென்ஷியலின் புரொபெட்-600, ரோலண்டின் ஜூபிட்டர்-6 என்ற இரு போட்டி நிறுவனக் கருவிகள் இணைக்கப்பட்டு ஒன்றையொன்று இயக்கின. ஸ்மித்துக்கும் ககேஹாஷிக்கும் 2013இல் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது கிடைத்தது.

பழைய வகை இணைப்பில் ஐந்து முனைச் செருகியும் 'இன்', 'அவுட்', 'த்ரூ' என மூன்று துளைகளும் உண்டு. முதல் கருவியின் அவுட்டிலிருந்து இரண்டாவதன் இன்னுக்கு. இரண்டாவதன் த்ரூவிலிருந்து மூன்றாவதன் இன்னுக்கு. புதிதாக வருபவர்கள் குழம்புவது த்ரூவில்தான். இன்னில் வந்ததை அது அப்படியே நகலெடுத்து அனுப்பும்; அந்தக் கருவியில் நாம் வாசிப்பது அதன் வழியே போகாது. இன் துளைக்குள் சமிக்ஞை ஒரு சிறு ஒளியுமிழியை எரிய வைக்க, எதிரிலுள்ள உணரி அதைப் படிக்கிறது. வடத்தின் வழியே இரு கருவிகளுக்கும் நேரடி மின்தொடர்பு இல்லாததால், தரையிணைப்பால் எழும் உறுமல் அந்த வழியாக நுழைவதில்லை. ஆனால் ஒவ்வொரு கருவியைக் கடக்கும்போதும் சமிக்ஞையின் வடிவம் சற்றுச் சிதையும். மூன்று நான்கு கருவிகளுக்கு மேல் போனால், ஒரே உள்ளீட்டைப் பல வெளியீடுகளாகப் பிரிக்கும் த்ரூ பெட்டி நல்லது.

ஒரு வடத்தில் 16 சேனல்கள். டிரம் மெஷினை 10இலும் பேஸை 2இலும் வைத்தால், ஒவ்வொன்றும் தனக்கான கட்டளையை மட்டும் எடுத்துக்கொள்ளும். கணினியோடு இணைக்கும்போது சுரங்கள் இரட்டித்துக் கேட்டால், கீபோர்டின் கட்டைகளை அதன் சொந்த ஒலியோடு இணைக்கும் 'லோக்கல் கன்ட்ரோல்' அமைப்பை அணைக்க வேண்டும்.

ஐந்து முனை இணைப்பின் வேகம் நொடிக்கு 31,250 பிட். ஒரு சுரத்தின் கட்டளை போய்ச்சேர ஏறத்தாழ ஒரு மில்லி நொடி ஆகும். இன்றைக்கு இது ஆமை வேகம்தான். ஆனால் மலிவான சில்லுகளாலேயே சமாளிக்க முடிந்ததால் எல்லா நிறுவனங்களும் ஏற்றன. கமகம் வாசிப்பவருக்கு உறுத்தும் குறை வேறு: சுருதி வளைவுக் கட்டளை சேனல் முழுவதற்கும் பொது, ஒரு சுரத்தை அசைத்தால் அதே சேனலில் ஒலிக்கும் மற்றவையும் அசையும். 2018இல் ஏற்கப்பட்ட எம்பிஇ (மிடி பாலிஃபோனிக் எக்ஸ்பிரஷன்) முறை ஒவ்வொரு சுரத்துக்கும் தனிச் சேனல் தந்து இதைத் தீர்க்கிறது. 2020இல் வந்த மிடி 2.0, ஒரே சேனலுக்குள்ளேயே சுரத்துக்குச் சுரம் தனி வளைவை அனுமதிக்கிறது.