கிந்தா மணலும் அணுவின் கதையும்

பேராக் மாநிலத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் ஈயத்தையும் இரப்பரையும் முதற்கண் கூறுவர். கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயம் ஈப்போ நகரை வளர்த்தது. சுற்றியிருந்த தோட்டங்களின் பால்மரங்கள் நம் முன்னோரின் உழைப்பை உண்டு வளர்ந்தன. இவ்விரண்டுக்கும் அப்பால் மூன்றாவது பொருள் ஒன்றும் இம்மண்ணில் உண்டு. ஈயத்தை அரித்தெடுத்தபின் எஞ்சும் 'அமாங்' என்னும் மணலே அது. புத்தியற்பியலின் வரலாற்றில் ஒரு பெரும்பகுதியை அம்மணலைக் கொண்டே மாணவர்க்கு விளக்கிவிடலாம்.

அமாங்கில் இல்மனைட்டு, சிர்க்கான் ஆகியவற்றோடு மோனசைட்டு என்னும் கனிமமும் கலந்துள்ளது. அருமண் தனிமங்களும் தோரியமும் அடங்கியது மோனசைட்டு. இதே கனிமம் தமிழகத்தின் தென்கோடியில், குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையிலும் மிகுதியாக உண்டு. 1909-இல் சோம்பெர்க் என்னும் செருமானியர் அதனை அங்குக் கண்டறிந்தார். அந்நாளில் மோனசைட்டைத் தேடியலைந்ததற்குக் காரணம் அணுவாற்றல் அன்று, விளக்கொளியே. தோரிய ஆக்சைடு தோய்ந்த வலைத்திரி, சூடேறியதும் வெண்ணிறமாய் ஒளிர்வது. மின்சாரம் எட்டாத தோட்டங்களில் திருவிழா இரவுகளைப் பகலாக்கிய பெட்ரோமாக்ஸ் விளக்கின் 'மேண்டில்' அவ்வகைத் திரியே.

விளக்குத்திரிக்குப் பயன்பட்ட அத்தோரியமே அறிவியலின் அடித்தளத்தை அசைத்தது. அது கதிர்வீசும் இயல்புடையது என்பதை 1898-இல் சிமிட்டும் மேரி கியூரியும் தனித்தனியே கண்டனர். பின்னர் 1901, 1902 ஆம் ஆண்டுகளில் கனடாவின் மொன்றியல் நகரில் ரூதர்போர்டும் சோடியும் தோரியத்தை ஆராய்ந்து, அது தானே சிதைந்து வேறு தனிமமாக மாறுகிறது எனக் காட்டினர். அணு என்றும் மாறாதது என்ற பழங்கொள்கை அத்துடன் சரிந்தது.

சிதைவின் வேகத்தை அரைவாழ்வுக் காலத்தால் அளப்பர். ஒரு பொருளின் அணுக்களில் பாதி சிதைவதற்கு ஆகும் காலமே அது. இயற்கைத் தோரியத்தின் அரைவாழ்வு ஏறத்தாழ 1,400 கோடி ஆண்டுகள். பேரண்டத்தின் வயதாகக் கணிக்கப்படும் 1,380 கோடி ஆண்டுகளையும் அது விஞ்சுகிறது. இவ்வெண் ஏட்டில் எழுதிப் படிப்பதற்கு மட்டும் உரியதன்று என்பதைப் பேராக் மக்கள் துன்புற்று உணர்ந்தனர்.

வண்ணத் தொலைக்காட்சி பரவியபோது, திரைக்குச் செந்நிறம் தரும் பொருள்களுக்காக அருமண் தனிமங்களின் தேவை பெருகிற்று. ஈப்போவுக்கு அண்மையிலுள்ள புக்கிட் மேராவில், சப்பானிய நிறுவனம் ஒன்றின் பங்குடன் அமைந்த ஏசியன் ரேர் எர்த் ஆலை 1982-இல் இயங்கத் தொடங்கியது. அது அருமண்ணைப் பிரித்து விற்றது. எஞ்சியது தோரியக் கழிவு. அக்கழிவைப் புதைக்கும் திட்டத்தை எதிர்த்து 1984-இல் பாப்பான் மக்கள் திரண்டெழுந்தனர். 1985-இல் புக்கிட் மேராக் குடியிருப்பாளர்கள் வழக்குத் தொடுத்தனர். குழந்தைகளிடையே குருதிப் புற்றுநோய் கண்டதாக அவர்கள் முறையிட, ஆலையோ தன்மீது குற்றமில்லை என வாதிட்டது. 1992 சூலையில் ஈப்போ உயர் நீதிமன்றம் மக்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 1993 திசம்பரில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. எனினும் 1994 சனவரியில் ஆலை மூடப்படுவதாக அறிவிக்கப்பட்டது. கழிவு பின்னர் கிளேடாங் மலைப்பகுதியில் தனிப் புதைகுழி அமைத்துப் புதைக்கப்பட்டது. வழக்கு முடிந்தது, அரைவாழ்வு முடியவில்லை.

இதனால் அறிவியலே தீது என்று முடிவுகட்டுதல் பொருந்தாது. தோரியத்திலிருந்து ஆக்கப்படும் யுரேனியம்-233 என்னும் எரிபொருளால் இயங்கும் காமினி ஆய்வு உலை, தமிழகத்தின் கல்பாக்கத்தில் 1996-இல் செயற்படத் தொடங்கியது. அந்த யுரேனியம் சிதையும்போது தோன்றுவது தோரியம்-229. இதன் அணுக்கருவை லேசர் ஒளியால் கிளர்வுறச் செய்யலாம் என்று 2024-இல் ஐரோப்பிய, அமெரிக்க ஆய்வாளர்கள் மெய்ப்பித்தனர். இன்றைய அணுக்கடிகாரங்கள் எலக்ட்ரான்களின் துடிப்பைக் கொண்டு காலத்தை அளக்கின்றன. சூழலின் தாக்கத்துக்கு எளிதில் ஆட்படாத அணுக்கருவைக் கொண்டு அளப்பின், இன்னும் நுட்பமான கடிகாரம் அமையும் என்பது அறிஞர்தம் எதிர்பார்ப்பு. மோனசைட்டிலுள்ள நியோடிமியமோ, 1980-களில் உருவான வலிய நிலைக்காந்தங்கள் வழியாக மின்னூர்திகளிலும் காற்றாலைகளிலும் இன்று பணிபுரிகிறது.

ஒரே மணல் விளக்காயிற்று, அறிவாயிற்று, அச்சமும் ஆயிற்று. வேறுபாடு மணலில் இல்லை. கையாள்வோரின் பொறுப்பிலும், அருகில் வாழ்வோரின் அறிவிலும் உள்ளது. தம் ஊருக்குள் வரும் பொருள் யாது, அதன் கழிவு எங்கே போகும், எத்துணைக் காலம் இருக்கும் என்று வினவும் ஆற்றலைப் பொதுமக்கள் தம் தாய்மொழியிலேயே பெற்றிருத்தல் வேண்டும். ஆகவே அரைவாழ்வு, கதிரியக்கம் முதலிய கலைச்சொற்களைத் தமிழ் வகுப்பறையில் வெறும் சொற்களாக ஒப்புவிக்கச் செய்தல் போதாது. பேராக்கின் தமிழாசிரியர், அப்பாடத்தைக் கிந்தா மணலிலிருந்தே தொடங்கலாம். தம் காலடி மண்ணின் வரலாற்றை அறிந்த மாணவன், பிறர் சொல்வதை ஆராயாமல் ஏற்கமாட்டான். அத்தகைய மாணவரை உருவாக்குவது நம் கடமையாகும்.