பட்டமும் வாக்கும்

'பட்டம்' என்ற சொல்லுக்குக் கல்வித் தகுதி என்பது பிற்காலத்தில் வந்து சேர்ந்த பொருள். பட்டத்தரசி, பட்டத்து யானை என்னும் வழக்குகளில் அது ஆட்சியுரிமையையே சுட்டுகிறது. பல்கலைக்கழகங்களில் பெண்கள் சம உரிமை பெற்ற வரலாற்றைப் படிக்குந்தோறும் இந்தப் பழம்பொருளே நம் நினைவில் எழுகிறது. கேம்பிரிட்ஜின் கதை அதற்குத் தக்க சான்று.

பெண்களுக்கான கர்ட்டன் கல்லூரி 1869இல் தொடங்கப்பட்டது. 1881 முதல், பட்டத்துக்குரிய 'டிரைப்பாஸ்' தேர்வுகளைப் பெண்கள் முறைப்படி எழுதலாயினர். 1890இல் நியூன்ஹாம் கல்லூரியின் பிலிப்பா ஃபாசெட் கணிதத் தேர்வில் முதலிடம் பெற்ற ஆடவரையும் விஞ்சினார். ஆயினும் பட்டம் ஆடவருக்கே. பெண்ணுக்கு அறிவு போதாது என்ற வாதம் அன்றே பொய்த்துப் போயிற்று. பின் தடையாக நின்றது எது?

முதுகலைப் பட்டம் பெற்றோர் செனட்டில் இடம்பெறுவர். அன்று பல்கலைக்கழக விதிகளை வாக்களித்து முடிவு செய்தோர் அவர்களே. பட்டத்தைத் தந்தால் நாளை வாக்கையும் தர நேரும் என்பதே அச்சம். 1897இல் வந்த தீர்மானம், பட்டத்தின் பெயரை மட்டும் வழங்கலாம் என்பதுதான். அதனைத் தோற்கடிக்க வெளியூர்ப் பட்டதாரிகள் ரயிலேறி வந்தனர். செனட் மன்றத்துக்கு எதிரே, மிதிவண்டி ஓட்டும் பெண்ணின் உருவபொம்மை தொங்கவிடப்பட்டது. தீர்மானம் பெரும் வாக்கு வித்தியாசத்தில் வீழ்ந்தது.

மறுக்கப்பட்டோர் வேறு வழி தேடினர். 1904 முதல் 1907 வரை டப்ளின் டிரினிட்டி கல்லூரி, ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் தேறிய பெண்களுக்குத் தானே பட்டம் வழங்கியது. நீராவிக் கப்பலேறிச் சென்று பட்டம் வாங்கி வந்த அவர்களை 'நீராவிக் கப்பல் சீமாட்டிகள்' என்றே உலகம் அழைத்தது. ஆனால் அந்தப் பட்டம் அவர்கள் படித்த பல்கலைக்கழகத்தில் வாக்குரிமை எதையும் தரவில்லை.

ஆக்ஸ்ஃபோர்டு 1920இல் பெண்களை முழு உறுப்பினராக ஏற்றது. கேம்பிரிட்ஜோ 1921இல் பட்டத்தின் பெயரைத் தந்து, உறுப்புரிமையை மறுத்தது. மாணவர் கூட்டமொன்று அன்று நியூன்ஹாம் கல்லூரியின் வெண்கலக் கதவுகளை முட்டிச் சிதைத்தது. இந்த அரைகுறை ஏற்பாட்டின் அபத்தம் 1939இல் உச்சத்தை எட்டியது. அவ்வாண்டு டோரதி கேராட் அங்கே தொல்லியல் பேராசிரியராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்பல்கலைக்கழகத்தின் முதல் பெண் பேராசிரியர் அவர். ஆனால் அதன் ஆட்சியில் அவருக்கு வாக்கில்லை! 1948இல்தான் முழு உரிமை கிட்டியது. கல்கத்தா பல்கலைக்கழகம் காதம்பினி பாசுவுக்கும் சந்திரமுகி பாசுவுக்கும் பட்டமளித்து அப்போது அறுபத்தைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன.

வகுப்பறைக் கதவு முதலில் திறந்தது. அடுத்துத் தேர்வுக்கூடத்தின் கதவு. முடிவெடுக்கும் மன்றத்தின் கதவு மட்டும் கடைசி வரை தாழிடப்பட்டிருந்தது. எந்தப் பல்கலைக்கழகத்திலும் சேர்க்கைப் பட்டியலில் மாணவியர் பெயர்களை எண்ணி மகிழ்வது எளிது. விதிகளை எழுதும் மேசையைச் சுற்றி எத்தனை பெண்கள் அமர்ந்திருக்கிறார்கள் என்றும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.